ஒரே வாங்கில் இருவர்

ஒவ்வொரு ஜனவரியிலும், எல்லாத் திருச்சபைக்காரரும் ஒன்றாகச் செபிக்கும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் வரும். என்னையும் என் கணவரையும் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்துவார்கள். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், நான் வெள்ளவத்தைப் புரட்டஸ்தாந்துக்காரி. கல்யாணம் கட்டி முப்பத்தொரு வருடம் பிரியாமல் இருந்தோம் என்பதுதான் எங்கள் தகுதி. ஒரு வருடம் மாலைகூடப் போட்டார்கள். பிரசங்கம், பாட்டு, கைகுலுக்கல் எல்லாம் முடிந்ததும் பற்றீசும் தேநீரும் கிடைக்கும். இயேசுவின் நினைவாக அப்பத்தைப் பகிர்ந்து உண்ணும் நற்கருணை மட்டும் இருக்காது. அதை வைத்தால் கூட்டம் அந்த இடத்திலேயே இரண்டாகப் பிரிந்துவிடும் என்று மேடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஃபிளட்டின் மேல்மாடியில் இருந்த சைவப் பெண்மணிதான் இந்த ஒற்றுமையை உண்மையாகவே நம்பியவர். "நீங்கள் எல்லாரும் ஒரே வேதந்தானே?" என்று கேட்பார். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். விளக்கப்போனால் எனக்குத்தான் வெட்கம்.

ஞாயிறுகளில் இரண்டு கோயிலுக்கும் சேர்ந்தே போனோம். கொட்டாஞ்சேனையில் அவர் எழுந்து நற்கருணை வாங்கப் போவார், நான் வாங்குப் பலகையில் இருப்பேன். வெள்ளவத்தையில் யாரும் வரலாம் என்று போதகர் அழைப்பார். நான் போவேன். அவருடைய திருச்சபை அதற்கு விடாது என்பதால் அவர் வாங்கில் இருப்பார். எங்கள் பக்கமும் சுத்தமில்லை. சிலை கும்பிடுகிற மனிதருக்கு இங்கே என்ன வேலை என்று என் காதுபடவே கேட்டார்கள். வீட்டில் ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்ட நாங்கள் கடவுளுடைய வீட்டில் ஒரு தடவைகூடச் சேர்ந்து சாப்பிட்டதில்லை.

போன வருடம் அவர் இறந்தபோது எனக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. அவருடைய அடக்கப் பூசையிலாவது நானும் நற்கருணை பெற வேண்டும். முதல்நாள் பின்னேரம் கொட்டாஞ்சேனைக் கோயில் ஃபாதரிடம் போய்க் கேட்டேன். எங்களுக்கு மாலை போட்டவரும் அவர்தான். நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டார்.

"அன்ரி, அது என்ர கையில இல்லை. நீங்கள் நெஞ்சில கையைக் கட்டிக்கொண்டு வரிசையில வாங்கோ, அதுக்குப் பதிலா ஆசீர்வாதம் தாறன்."

"மாலை போட்டது மட்டும் யாரின்ர கையால ஃபாதர்?" என்று கேட்டேன்.

பூசையன்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில், வாங்கின் ஓரத்தில் இருந்தேன். கத்தோலிக்கர் மட்டும் வரலாம் என்று மைக்கில் அறிவித்தார்கள். கணவருடைய சொந்தக்காரர் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பழகிப்போனதால் என்னையறியாமலே முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். என் புருஷனின் பெட்டியருகே இருந்துகொண்டு ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டிருக்கிறேனே என்று ஆத்திரம் வந்தது.

கடைசியாக அவருடைய அக்கா எழுந்தார். எங்கள் கல்யாணத்துக்கு வராதவர். நான் கத்தோலிக்கமாக மாற வேண்டும் என்று வருடாவருடம் அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வைத்து, அதை என்னிடமே சொல்லியும் காட்டியவர். வரிசையில் இரண்டடி வைத்தவர் நின்றார். பிறகு திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"போங்கோ மச்சாள். உங்கட தம்பியின்ர பூசை," என்றேன்.

"உம்மைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் போறது?"

"முப்பத்தொரு வருசமாப் போனனீங்கள்தானே."

பெட்டிக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

"ஓம். போனனான்," என்றார் மச்சாள். எழும்பவில்லை.

வரிசை முடியும்வரை இரண்டு பேரும் ஒன்றும் பெறாமல் இருந்தோம். அவர் என் கையைப் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை. ஒன்றிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றைக்கு மட்டும்தான். அதைக் காண என் புருஷன் சாக வேண்டியிருந்தது. அதை மட்டும் நான் இன்னும் யாருக்கும் மன்னிக்கவில்லை.