மூன்றாவது வரிசையில் ஒரு விசிறி

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அச்சான அட்டைகளை அடுக்கினால் ஒரு பரண் நிறையும், அது போதும். அது என் வீட்டுக்காரரின் பெயர். அட்டைக்கு உள்ளே நடந்த கொலைகள் எல்லாம் என்னுடையவை.

நான் வல்லம் வடகாலில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் என்பதே எங்கள் ஊரில் பெரிய சங்கதி. கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது அவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். அவர் ஆபீஸ் போனதும் வீட்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படி ஈ ஓட்டிய ஒரு பகலில்தான் முதல் மர்மக் கதையை எழுதினேன். படித்துவிட்டு மனுஷன் என்னைக் கொஞ்ச நேரம் ஒரு மாதிரி பார்த்தார்.

"நீ கொலைக்கதை எழுதறேன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உன் கையால ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டாங்க. என் பேரையே போட்டுடு" என்றார்.

போட்டேன். ஆண்கள் பெண் பெயரில் கதை எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் தலைகீழ். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

கதைகள் ஓடின. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் பஸ்ஸில் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிணம் போடத் தோதான இடம் பார்த்துக்கொண்டே போவேன். ஏரி, மதகு, கூட்டு ரோட்டுப் புளியமரம், வல்லக்கோட்டைக் கோயில் குளம். கோயில் குளத்தை மட்டும் விட்டுவிட்டேன், முருகனிடம் எனக்குப் பயம். "நம்ம பக்கத்து ஏரில இன்னும் எத்தினி பேரத்தான் போடுவ? தண்ணி குடிக்கற ஏரிடி அது" என்பார் அவர்.

பிறகு மாநாட்டு அழைப்பு வந்தது. எழுத்தாளர் மாநாடு, இரண்டு நாள், மர்மக் கதை அரங்கில் இவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நா போயி இன்னா பேசறது? கொலைகாரன் யாருன்னு கடைசிப் பக்கம் வர்ற வரைக்கும் எனக்கே தெரியாதே!"

அது உண்மை. எழுதி முடித்த ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவர்தான் எனக்கு உரக்க வாசித்துக் காட்டுவார். அவர் நாக்கு தடுக்கிய இடத்தில் வாக்கியத்தை உடைப்பேன். வாசித்து முடித்ததும் கொலைகாரன் இன்னார் என்று அடித்துச் சொல்வார். ஒரு முறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. பாவம், நல்ல மனசு, யாரைப் பார்த்தாலும் கெட்டவனாகத் தெரியாது அவருக்கு.

மாநாட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்காருவேன். கையில் பனையோலை விசிறி. கேள்வி வந்ததும் அவர் யோசிக்கிற மாதிரி என் பக்கம் பார்ப்பார். விசிறி ஆடிக்கொண்டே இருந்தால் 'இல்லை'. நின்றால் 'ஆமாம்'. மடியில் கவிழ்த்துவிட்டால் பேச்சை மாற்றிவிட வேண்டும். அவர் பேச்சை மாற்றுவதில் மன்னன். தாலுகா ஆபீஸில் வேறு என்னத்தைக் கற்றுக்கொண்டார்?

இப்படியே எத்தனையோ மாநாடுகளுக்குப் போனோம். காஞ்சிபுரம், திருவள்ளூர், மெட்ராஸ், ஒரு தடவை வேலூர்கூட. பெரும்பாலும் கல்யாண மண்டபங்கள். இலக்கிய அரங்கு காலையில் நடக்கும். மர்மக் கதைக்காரர்களைச் சாம்பார் சாதம் சாப்பிட்டபின் பாதி ஜனம் தூங்குகிற நேரத்தில் மேடை ஏற்றுவார்கள். ஆனாலும் கேள்வி நேரம் வந்தால் தூங்கினவன் எல்லாம் எழுந்துவிடுவான். இவர் சட்டையில் பட்டு ரிப்பன் பேட்ஜ் குத்துவார்கள். எனக்கு ஒரு ரோஸ் நிறச் சாப்பாட்டுச் சீட்டு. 'உடன் வந்தவர்' என்று அதில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்திருக்கும்.

அந்தச் சீட்டைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் பஸ்ஸில் திரும்பும்போது சொல்லியே விட்டேன். "கொன்னவ நானு. மாலை உங்களுக்கு."

அவர் கழுத்திலிருந்த கதம்ப மாலையைக் கழற்றி, அத்தனை பேர் பார்க்க என் கழுத்தில் போட்டார். பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர், "இன்னா சார், ரெண்டாவது கல்யாணமா?" என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபம் தீரவும் இல்லை. "அடுத்த தொடர்ல உன் பேரப் போட்டுடலாம்" என்றார். அடுத்தது, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது.

கடைசியாக ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை. ரைஸ் மில் முதலாளி ஒருவர் ஏரி மதகடியில் பிணமாகக் கிடக்கிறார். தம்பி மேல் சந்தேகம், கம்பவுண்டர் மேல் சந்தேகம், மில் கணக்குப்பிள்ளை மேல் சந்தேகம். கொன்றது போஸ்ட்மேன். கொட்டுகிற மழையில் பிணத்தை முதலில் பார்த்ததாகச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடிவருபவன். ஆனால் அவன் தோளில் இருந்த தபால் பை நனையவில்லை. இரண்டாவது அத்தியாயத்தில் போகிறபோக்கில் அந்த ஒரு வரியைப் போட்டிருந்தேன். பையை எங்கோ மறைவில் வைத்துவிட்டுக் காரியத்தை முடித்து, அப்போதுதான் எடுத்து மாட்டியிருந்தான். 'இந்தத் தொடர் முடியும்போது நிஜத்தைச் சொல்லிடலாம், உன் போட்டோவோட போடச் சொல்றேன்' என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இந்தத் தடவை நானும் விடுவதாக இல்லை.

கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தபோது அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நானும் மகனுமாகக் காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாளில் முகம் தெளிந்து, டாக்டரோடு சிரித்துப் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார். அன்று மத்தியானம் சரியான வெயில். மேலே ஃபேன் சுற்றியும் அவருக்கு வியர்த்து ஊற்றியது. பையில் எப்போதும் கிடக்கும் அந்த மாநாட்டு விசிறியை எடுத்து வீசிக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தபா சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லுங்க பாப்போம்."

"போஸ்ட்மேன்."

என் வாழ்நாளில் அப்படி ஒரு ஆச்சரியம் எனக்கு வந்ததில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சரியாகச் சொன்னார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேடையில் பார்க்கிற பழக்கத்தில் விசிறியைப் பார்த்தார். விசிறி ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அவருக்கு வியர்க்கும். அது மட்டும் இல்லை, எனக்குள் ஒரு குறும்பும் இருந்தது. வீட்டுக்கு வந்து கடைசி அத்தியாயத்தை அவரே வாசிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"அதுவும் இல்லியா?" என்று சிரித்தார்.

"வூட்டுக்கு வாங்க, சொல்றேன்."

சாயங்காலம் போய்விட்டார். நான் காப்பி வாங்கக் கீழே போயிருந்தேன். மேலே வந்தபோது நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்தபின் காஞ்சிபுரத்தில் மாநாடு வந்தது. அதில் அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்திருப்பதாகச் சொல்லி என்னையும் அழைத்தார்கள். போனேன். மேடையில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு அதன்மேல் அவர் படத்தைச் சாய்த்து மாலை போட்டிருந்தார்கள். என்னிடம் ரோஸ் சீட்டு கொடுத்தார்கள். அதில் அதே ரப்பர் ஸ்டாம்ப். யாருடன் வந்தவள் நான்? கொடுத்த பையனுக்கு அது தோன்றவில்லை. நான் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மூன்றாவது வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். மறைந்த எழுத்தாளரின் பேனா, மறைந்த எழுத்தாளரின் மூளை. அந்த மனுஷனுக்குப் பேனா மூடியைச் சட்டையில் மை கொட்டாமல் திறக்கத் தெரியாது! ஆனால் அவர்கள் ஒவ்வொரு கதையாகச் சொல்லிச் சொல்லி, 'இனி அந்தக் கை எழுதாது' என்றபோது என் கையைப் பார்த்துக்கொண்டேன். குளிர்ந்து போயிருந்தது. உயிரோடு உட்கார்ந்து என் சாவுக்கு நானே துக்கம் கேட்கிறேனே என்று தோன்றியது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

தலைவர் தொடர்கதை விஷயத்துக்கு வந்தார். முடிவு தெரியாமல் வாசகர்கள் தவிக்கிறார்கள், கொலைகாரன் யார் என்ற ரகசியத்தை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார் என்றார். பத்திரிகை ஆசிரியரும் மேடையில் இருந்தார்.

என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். "அவர் கொண்டுபோகலை. எனக்குத் தெரியும். அந்தக் கதைய எழுதினது நான்தான். எல்லாக் கதையும் நான்தான்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. தலைவர் நல்லவர், கண் கலங்கிவிட்டார். "அம்மா துக்கத்துல இருக்காங்க. யாராவது ஒரு சோடா கொண்டுவாங்கப்பா" என்றார். பிறகு மைக்கில் குனிந்து, குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "ஐயா உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிருக்கார், இல்லையாம்மா? யாரும்மா கொலைகாரன்?"

அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் என் வாயைப் பார்த்தது. அவருக்கு நான் சொல்லவில்லையே! 'அதுவும் இல்லியா' என்று சிரித்துக்கொண்டு போன மனுஷனுக்குச் சொல்லாததை இவர்களுக்குச் சொல்வதா? "சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு அம்மாள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பத்திரிகை ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். அவரும் நம்பவில்லை, ஆனால் அவருக்கு முடிவு வேண்டும். வீம்புக்காகவே கடைசி அத்தியாயத்தை எழுதத் தொடங்கினேன். கொலைகாரன் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வரை எழுதி, அதை அவரிடம் கொடுத்தேன். என் பெயரில் போட்டால்தான் மிச்சத்தைத் தருவேன் என்றேன். மோர் குடித்துக்கொண்டே வாசித்தார். மடித்துக் கீழே வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் நடை உங்களுக்கு வரலை."

எனக்கு வந்த கோபத்துக்கு டம்ளரைப் பிடுங்காத குறை. போய் வாங்க என்று வாசல்வரை கொண்டுவிட்டு வந்து, அந்தத் தாள்களை எடுத்து உரக்க வாசித்தேன். மூச்சு முட்டியது. வாக்கியங்கள் எல்லாம் நீள நீளமாக இருந்தன. அவர் நாக்கு தடுக்கி நான் உடைக்காத வாக்கியங்கள். படுபாவி ஆசிரியன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை, அவர் வாசிக்கிற மாதிரியே வாசித்துப் பார்த்தேன். அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அவர் செருமுகிற இடத்தில் செருமி. பால்காரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, உள்ள யாரு பேசிக்கினு இருந்தது? ஐயா கொரலு மாதிரியே கேட்டுச்சே!"

"யாருமில்ல, நான்தான்."

அவள் நம்பவில்லை. பாலை அளந்து ஊற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்கும் அன்று முழுக்க உள்ளறைப் பக்கம் போகப் பயமாக இருந்தது. அத்தியாயத்தை அதற்குமேல் எழுதவில்லை. தொடர் முடியாமலே நின்றது. பிறகு எந்தக் கதையும் எழுதவில்லை.

ஆனால் மாநாடுகளுக்குப் போவதை நிறுத்த முடியவில்லை. மகன் திட்டுவான். "அங்க போயி இன்னாம்மா பண்ணப் போறே?" என்பான். அழைப்பிதழ் அவர் பெயருக்கு வந்துகொண்டே இருந்தது, பட்டியலிலிருந்து யாரும் அவர் பெயரை அடிக்கவில்லை. பையில் விசிறியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். முடியாத அந்தத் தொடர்கதை மர்ம அரங்கில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. யார் கொன்றிருப்பார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். மேடையில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தம்பி. ஆடும் விசிறி. கம்பவுண்டர். ஆடும். கணக்குப்பிள்ளை. ஆடிக்கொண்டே இருக்கும். பேச்சு நடக்கும்போது மேடை ஓரத்திலிருந்து யாரோ என் பக்கம் பார்க்கிற மாதிரி இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

போன தடவை திருவள்ளூரில், புதிதாக எழுத வந்த ஒருவர், கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எனக்கென்னவோ போஸ்ட்மேன்னு தோணுது. அவ்வளவு மழையில அவன் தபால் பை ஏன் நனையலை?"

பக்கத்தில் இருந்தவர், "போஸ்ட்மேனா! அப்ப லெட்டரை யாருங்க குடுப்பாங்க?" என்றார். மண்டபம் சிரித்தது. அந்த ஆளும் கூச்சத்தோடு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

என் விசிறி நின்றிருந்தது. நான் நிறுத்தவில்லை, கை தானாக நின்றுவிட்டது. மேடையிலிருந்து யாரும் மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை.

"ஆமாங்க" என்றேன். "போஸ்ட்மேன்தான். அன்னிக்கு நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

பக்கத்தில் இருந்த பெண் என் பக்கம் குனிந்து, "என்னங்க சொன்னீங்க?" என்றாள்.

"உங்கிட்ட இல்லம்மா" என்றேன்.