துணைக்கு ஓர் ஆள்

காக்ஸ் டவுனில் நான் தனியாகக் குடியிருந்த வீட்டின் முன்னால், மழையில் ஒரு மரம் சாய்ந்துவிட்டது. அறுக்க வந்தவர் ஒல்லியான மனிதர். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, மரம் அறுக்கும் மிஷினைத் தரையில் வைத்துக் காலால் அழுத்தியபடி கேட்டார்.

“வூட்ல வேற யாரும்மா கீறாங்க?”

“யாரும் இல்லீங்க.”

“அப்போ நீங்களே அந்த கேட்டாண்ட நில்லுங்க. கிட்ட வராதீங்க, உள்ளயும் போய்டாதீங்க. இந்த மிஷினை வச்சிக்கினு தனியா வேல செய்யக் கூடாது. கையில பட்டுட்டா ஆட்டோ கூப்புட ஒரு ஆள் வேணும்.”

பக்கத்து வீட்டு போனில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நின்றேன். ஒவ்வொரு கிளையை அறுக்கும் முன்பும், நான் இருக்கிறேனா என்று நிமிர்ந்து பார்த்தார். கையைத் தூக்கிக் காட்டினேன்.

மதியம் வேலை முடிந்து போய்விட்டார். அந்த வீட்டில் இருந்த வருஷங்களில், நான் இல்லாமல் ஆகாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.