பெயர் இல்லாத பதிவுகள்

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று எங்கள் பெரியவர்களின் குழு முடிவு செய்தபோது, அவர்கள் மனத்தில் இருந்தது கோயில் வாசலில் மாட்டியிருக்கும் கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகைதான். உள்ளே காகிதத்தை ஒட்டிப் பூட்டிவிடுவார்கள். நாம் வெளியே நின்று படித்துவிட்டுப் போக வேண்டும். கணினி வேலை பார்ப்பவள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் பூட்டு வைத்துத் தருவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். மலேசியாவில் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் கைமாறிவிட்டது. அங்கே வீடு கட்டப் போகிறார்கள். ஆட்கள் எப்போதோ குளுவாங், பாசிர் கூடாங், ஜோகூர் பாரு என்று சிதறிவிட்டோம். எஞ்சியிருந்தது இடுகாடு மட்டும். குழு கொடுக்கும் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் நிலத்தை வாங்கிய நிறுவனம் தோண்டி எடுத்து வேறு இடத்தில் அடக்கம் செய்து தரும். பட்டியலில் இல்லாதவர்கள் மேல் தார் ரோடு போகும்.

குழுத் தலைவர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களை வெயிலில் நின்று குறித்துக்கொண்டு வந்து, தன்னிடம் இருந்த பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, அச்சடித்தது போன்ற கையெழுத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தார். உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். அப்படியே ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். அடியில் ஒரு பெட்டியும் வைத்தேன்: ‘விட்டுப்போனவர்கள் இருந்தால் நீங்களே எழுதுங்கள்.’

இரண்டு நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் பாசிர் கூடாங்கிலிருந்து ஒரு பெண், பட்டியல் சொல்லும் இடத்தில் தன் அப்பா இல்லை, கால்வாய்ப் பக்கம் இருக்கிறார் என்று எழுதினார். இன்னொருவர் அது கால்வாய் இல்லை, பழைய ரோடு என்றார். மூன்றாமவர் கையால் வரைந்த படத்தைப் போனில் எடுத்துப் போட்டு இருவர் வாயையும் அடைத்தார். ஒரு வாரத்தில் கிராணியாரின் பட்டியலில் ஆறு தவறுகள் தேறின. இணையத்தளத்தில் மக்கள் பங்கேற்பது என்றால் படத்துக்கு லைக் போடுவது, வாழ்த்துச் சொல்வது என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன். அதெல்லாம் வெறும் அலங்காரம். பெரியவர் எழுதிவிட்டார் என்பதற்காக ஒன்று சரியாகிவிடாது. தெரிந்தவர் வந்து திருத்தலாம், ஊரே பார்க்கத் திருத்தலாம், அதற்கு யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டாம். மாற்றம் என்பது அவ்வளவுதான், அதுதான் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை.

கிராணியார் போன் செய்தார். பெட்டியை மூடச் சொன்னார். முடியாது என்றேன். ஒரு படி இறங்கி வந்தார். “சரி, எழுதட்டும். ஆனா செத்தவங்க பேரு போடாம எழுதுறத தூக்கிடுங்க தங்கச்சி. பேரே இல்லாம யாரைன்னு தேடறது?”

நியாயமாகத்தான் பட்டது. ‘எங்க தாத்தா அங்கதான் இருக்காரு’ என்று மட்டும் எழுதினால் யார் என்ன செய்ய முடியும்? பெயர் இல்லாத பதிவுகள் நீக்கப்படும் என்று தடித்த எழுத்தில் நானே போட்டேன். பெட்டியைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை வேறு. சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பும் பஸ், ஜோகூர் எல்லைப் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது, போனை எடுத்துப் பெயர் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குவேன். ஒன்று ‘புள்ளைக்கு’ என்று தொடங்கியிருந்தது. எழுதியவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்பருத்திப் பூ. முழுதாகப் படிக்கவில்லை. பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. நீக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா போனும் கையுமாக என்னிடம் வந்தார்.

“நான் எழுதுனத காணோம்,” என்றார்.

என் அம்மா என் தளத்தில் எழுதுவார் என்று நான் நினைத்ததே இல்லை. பேசினால் போன் எழுதிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டாராம். போனை வாங்கிப் பார்த்தேன். செம்பருத்திப் பூ.

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து, இறந்து போனது எனக்குத் தெரியும். வீட்டில் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பார்கள். அதற்குள் போன பிள்ளைக்குக் கல் கிடையாது, கிராணியாரின் பதிவேட்டில் வரி கிடையாது. இடுகாட்டின் ஓரத்தில் புதைத்துவிட்டு, லயத்து வரிசையில் அந்த வீட்டு வேலியிலிருந்து வண்ண இலைக் குரோட்டன் செடியின் கிளை ஒன்றை ஒடித்து மேலே நட்டு வைப்பார்கள். இலையின் நிறத்தை வைத்து எந்த வீட்டுப் பிள்ளை என்று பெண்களுக்குத் தெரியும். இது எனக்கும் தெரியும், கிராணியாருக்கும் தெரியும். தெரிந்தும்தான் அவர் அந்த விதியைச் சொன்னார், நான் எழுதினேன். இருவருக்கும் அந்தப் பிள்ளைகள் நினைவுக்கே வரவில்லை.

விதியைப் பற்றிச் சொன்னேன். 

“பேரு வைக்கலன்னா பொறக்கலன்னு ஆயிடுமா?” என்றார்.

தளத்துக்குள் போய்த் தேடிப் பார்த்தேன். நீக்கியதை மீட்க வழி இல்லை. இன்னொரு முறை எழுதச் சொன்னேன், அதாவது இத்தனை வருஷம் வாய் திறக்காத ஒன்றை இரண்டாவது முறை சொல்லச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னார். பொம்பளப் புள்ள. பதினோரு நாள் இருந்தது. பால் குடிச்சது. மஞ்சப் புள்ளி வச்ச இலை. அவ்வளவுதான்.

அன்றைக்கே அந்த விதியை அழித்தேன். நான் நீக்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி எழுதும்படி வேண்டினேன். மதியத்துக்குள் அம்மாவின் பதிவுக்குக் கீழே சிகாமட்டிலிருந்து ஒரு பதில் வந்தது. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த பெண் எழுதியிருந்தார்: ‘அக்கா, அந்தக் கிளைய உங்க வேலியில ஒடிச்சுக் குடுத்தது நான்தான். போன மாசம் போயிருந்தேன். ஆளு உயரத்துக்கு நிக்குது.’

அம்மா அதை எத்தனை முறை படித்தார் என்று நான் எண்ணவில்லை.

பிறகு பிள்ளைகள் வரத் தொடங்கின. சிவப்பு நரம்பு இலை, அந்தச் சிகாமட் பெண்ணின் சுருட்டை இலை, இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு கிளை. பெயருக்கான கட்டத்தில் தாயின் பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘பிள்ளை’ என்று எழுதிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனேன். குழுவிடம் கேட்கவில்லை. தளத்தின் சாவியான கடவுச்சொல்லைத் தரும்படி கிராணியார் ஆள் அனுப்பினார். பாசிர் கூடாங் பெண்ணுக்கும் சிகாமட் பெண்ணுக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன், அவர்களிடமும் போய்க் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

கடைசியில் அவரே பெட்டிக்குள் இறங்கினார். அதுவரை அவர் அங்கே ஒரு சொல் எழுதியதில்லை. ‘உயிரோடு இருப்பவர்களின் பெயரை இடுகாட்டுப் பட்டியலில் போடுவது அபசகுனம். அந்தத் தாய்மார்களுக்கே ஆகாது. நாளை பட்டியலைக் கொடுக்க வேண்டும். இந்த வரிகளை எடுத்துவிடுவோம்.’

என்ன பதில் எழுதலாம் என்று நான் சூடாக யோசித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையில் அம்மாவின் குரல் கேட்டது. யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தேன். திரையில் செம்பருத்திப் பூ வந்தது.

‘ஆகாட்டி போகுது. என் பேரு இருக்கட்டும்.’

அதற்குக் கீழே சிகாமட்: ‘என் பேரும்.’ அதற்குக் கீழே பாசிர் கூடாங்கிலிருந்து ஒருவர், குளுவாங்கிலிருந்து இருவர், நான் அறியாத ஒருவர். என் பேரும். என் பேரும். மறுநாள் பட்டியல் அப்படியே நிறுவனத்துக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தவர் கிராணியார்.