ஜெபத்துக்குக் காத்திருந்த கார்

என் தங்கை புருஷன் காலேப், கூடுவாஞ்சேரியில் ஒரு பழைய காரை வாங்கிய நாளிலிருந்து மேஜர் சர்வீஸுக்குத் திட்டம் போடுகிறான். யூடியூப் பார்த்துவிட்டுத் தாம்பரத்து மெக்கானிக்குகளுக்கே பாடம் எடுக்கிறான். ஆனால் வண்டியை மட்டும் எவரிடமும் விடவில்லை.

"பிரேக் கத்துதுங்க" என்று என் தங்கை ஜெரூஷா சொன்னால், "பாஸ்டர் ஜெபம் பண்றதுக்கு முன்னாடி எவனும் ஸ்பேனர் வைக்கக்கூடாது" என்பான். பின்கண்ணாடியில் வசனம் மட்டும் ஒட்டியாயிற்று. பெரிய பக்திமான்!

ஞாயிற்றுக்கிழமை கார் கிறீச்சிட்டபடி சர்ச் வாசலில் போய் நின்றது. பாஸ்டர் பானெட்டில் கைவைத்து உருக்கமாக ஜெபித்தார்.

"ஏறுங்க பாஸ்டர், வீட்ல விட்டுடறேன்" என்று கதவைத் திறந்தான் காலேப்.

பாஸ்டர் ஓரடி பின்வாங்கினார். "மொதல்ல பிரேக்கைப் பாருங்க தம்பி. நான் பஸ்ல போய்க்கிறேன்."