எரிப்பார்கள் என்று நான்தான் சொன்னேன்

சந்தன வாசனைதான் முதலில் வரும். மேட்டூர் கம்பெனி குவார்ட்டர்ஸில், விடிந்தும் விடியாத நேரத்தில், ஆலை நெடியைத் தாண்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வரும்.

பெரின் ஆன்ட்டி வெள்ளைத் துணியால் தலையை மூடிக்கொண்டு, சின்ன வெள்ளிப் பாத்திரத்தில் இருக்கும் கனலில் சந்தனச் சில்லுகளைப் போட்டு, அறை அறையாக எடுத்துப் போவார். அவர் கணவர் ரூசி அங்கிள் கம்பெனியில் இன்ஜினியர். வெளிச்சத்தைப் பார்த்து நின்று, இடுப்பில் சுற்றிய கம்பளி நூலை அவிழ்த்து, ஏதோ முணுமுணுத்து, மறுபடி முடிச்சுப் போடுவார்.

அவர்கள் பார்சிகள். பிள்ளைகள் இல்லை. பாரசீகத்தில் ஜரதுஷ்டிரர் என்ற ஞானி காட்டிய வழி. முன்னோர்கள் கடல் தாண்டி குஜராத்துக்கு வந்து தங்கினார்களாம். "நல்ல எண்ணம், நல்ல பேச்சு, நல்ல காரியம். இவ்வளவுதான் எங்கள் மதம்" என்று ஆன்ட்டி ஆங்கிலத்தில் சொல்வார்.

குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் அது 'சேட்டு வீடு'. சேட்டு இல்லை, பார்சி என்று எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கிறேன். சேலத்தில் கான்வென்ட்டில் படித்தவள், கம்பெனி ஸ்கூல் டீச்சர்... திருத்துவது அப்போதே என் பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரூசி அங்கிள் குளியலறையில் விழுந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எட்டு மணிக்குள் வாசலில் நாற்பது பேர். ஃபோர்மேன் சின்னசாமி நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, இவுங்க பொதைக்கறதுங்களா, எரிக்கறதுங்களா? அந்தம்மாகிட்ட போய்க் கேக்க வாய் வரலீங்க."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்தில் 'நெருப்பை வணங்குவோர்' என்று எழுதி முழு மார்க் வாங்கியவள் நான்.

"எரிப்பாங்க. நெருப்புதானே அவங்களுக்குச் சாமி."

"அதானுங்க, நானும் நெனச்சேன்" என்று அவர் தலையாட்டினார். உடனே இரண்டு பேர் சைக்கிளில் விறகுக்குப் போனார்கள். "எனக்கு வேலை கத்துக்குடுத்தவருங்க. புள்ளையில்லாத கொறைய நான் தீக்கறேன், நானே கொள்ளி வெக்கறேன்" என்று சொன்ன சின்னசாமிக்குக் கண் கலங்கியிருந்தது.

வாசலில் கொள்ளிச்சட்டி தயாரானது. அப்போது யாரோ சொன்னார்கள், "கங்குக்கு எங்கீங்க போறது? உள்ள அந்த வெள்ளிச்சட்டியில அவுங்க சாமி நெருப்பே இருக்குதுல்ல?"

நல்ல யோசனை என்றே எனக்கும் பட்டது. இடுக்கியை வாங்கிக்கொண்டு நானே உள்ளே போனேன்.

அங்கிளுக்கு வெள்ளை உடுத்தி, தரையில் கல் பலகை மேல் கிடத்தியிருந்தார்கள். நெருப்பு மூன்று எட்டு தள்ளி இருந்தது. என் கையில் இடுக்கியைப் பார்த்ததும் ஆன்ட்டி எழுந்தார். வாசல் சட்டியைப் பார்த்தார். எனக்கும் கனலுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"நெருப்பு வேணாம்" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "அது சாமி. சாமிக்கு பாடி குடுக்காதே."

எனக்கு விளங்கவில்லை. அவர் ஆங்கிலத்துக்கு மாறினார். "உன் பூஜை அறைக்குள் பிணத்தைக் கொண்டுபோய் வைப்பாயா? நெருப்பு புனிதம் என்பதால்தான் நாங்கள் எரிப்பதில்லை. ஆற்றிலும் எதையும் விடுவதில்லை. முப்பது வருஷமாக அவர் இந்த நெருப்பை வாயால் ஊதி அணைத்ததுகூட இல்லை. யார் இவர்களுக்குச் சொன்னது?"

இடுக்கியைத் தரையில் வைத்தேன்.

வெளியே விறகு வந்துவிட்டதென்று சத்தம். பாடை கட்ட மூங்கில் பிளக்கிறார்கள். இன்னும் பத்து நிமிஷம் நான் பேசாமல் இருந்தால் தூக்கிவிடுவார்கள். ஆன்ட்டி ஒற்றை ஆள், பாஷை தெரியாதவர், யாரைத் தடுப்பார்?

வாசலுக்குப் போனேன். "நிறுத்துங்க. எரிக்கக் கூடாது."

"நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றார் சின்னசாமி.

"நான் சொன்னது தப்பு."

அதுவரை யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. ஒரு பெரியவர், "கான்வென்ட்டுல இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களாக்கும்" என்றார். சிலர் சிரித்தார்கள். இன்னொருவர், "அட, செத்தவருக்கு என்னங்க தெரியப்போவுது? வெறவே வந்திருச்சு" என்றார். என் கணவர் தாழ்ந்த குரலில், "உள்ளே போ" என்றார். நான் போகவில்லை. படியை விட்டு இறங்கி, சட்டிக்கு முன்னால் நின்றேன்.

சின்னசாமி என்னையே பார்த்தார். பிறகு நிலைப்படியில் வந்து நின்ற ஆன்ட்டியைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மா என்ன சொல்றாங்களோ அதானுங்க. வேனுக்கு ஆள் உடுங்க."

சென்னையில் பார்சிகளுக்கென்று அடக்க இடம் இருந்தது. கம்பெனி வேனில் கொண்டுபோய், மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் செய்தார்கள். சின்னசாமியும் கூடப் போனார். இரண்டு மாதத்தில் ஆன்ட்டி பம்பாயில் தங்கையிடம் போய்விட்டார். வருஷா வருஷம் அவர்கள் புத்தாண்டான நவ்ரோஸுக்குக் கடிதம் வரும். ஒன்றில்கூட அந்தக் காலையைப் பற்றி ஒரு வரி இருக்காது. மன்னித்தாரா என்று நானும் கேட்டதில்லை.

போன வாரம் பழைய குவார்ட்டர்ஸ்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சின்னசாமியின் மகள் பேசி அனுப்பியிருந்தாள். "எங்கப்பா கடைசி வரைக்கும் சொல்லுவாருங்க, அன்னிக்கு டீச்சரம்மா மட்டும் இல்லீனா பெரிய தப்பு நடந்திருக்கும்னு."

முதல் பாதியை அவர் வீட்டில்கூடச் சொல்லாமல் போயிருக்கிறார்.

எல்லாரும் எனக்குக் கை கூப்பி அனுப்பினார்கள். அதற்குள் அது இன்னும் நாலு குரூப்புக்குப் போய், முன்பின் தெரியாதவர்களெல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள்.

அந்த நாளில் தப்பாகச் சொன்னால், திருத்துவதற்கு வாசல்வரை நடந்தால் போதும். கேட்ட நாற்பது பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்... இன்று எந்த வாசலுக்குப் போய்ச் சொல்வதென்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.