மாமா லேப்டாப்பைப் பிரித்த ஞாயிறு

எங்கள் அப்பா வரைந்த வாத்துகளையும் கரடிகளையும் மார்பில் போட்டுக்கொண்டு எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் நடந்திருக்கும். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பிரிண்டிங் பட்டறையில் அவருக்கு டிசைன் போடும் வேலை. குழந்தைகள் பனியனில் அச்சடிக்கிற படத்தை லேப்டாப்பில் வரைந்து, நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அவர் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். பிரஷ்ஷை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தபோது கூட இருந்த பெயிண்டர்கள் கேலி செய்தார்களாம். அம்மா அதைப் பெருமையாகத்தான் சொல்வாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அதற்குமேல் படிக்கவில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிற பிள்ளை நான். பெயர் என்ன என்று கேட்டால்கூட அம்மாதான் சொல்ல வேண்டும். அதனால் அந்த வயதில் எனக்குத் தெரிந்த சங்கதிகளில் பாதி கதவிடுக்கு வழியாகப் பார்த்தவை.

அந்த வருஷம் மழை பிடித்த சமயத்தில் அப்பா வேலையிலிருந்து நேரம் கழித்து வர ஆரம்பித்தார். கேட்டால் லேப்டாப் இழுக்கிறது என்பார். முன்பெல்லாம் ஒரு படம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். இப்போது பொழுது சாய்ந்தும் முடிவதில்லை. படம் வராமல் அச்சடிக்கிற ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலாளி வீட்டுக்கே போன் செய்துவிட்டார். அவர் அப்பாவைவிடச் சின்னவர். மரியாதை குறையாமல்தான் பேசுவார். அம்மா போனை வாங்கியபோது அவர் சொன்னது இது:

"அக்கா, அண்ணன நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா இப்புடியே போனா வேற ஆளுதான் பாக்கோணுங்க."

அந்த 'ங்க'வைக் கேட்டு அம்மாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

அம்மாதான் தன் தம்பியைக் கூப்பிட்டாள். மாமாவுக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பழைய லேப்டாப்பை வாங்கி விற்பதும் உண்டு. வாய் ஓயாத ஆள். அவர் வந்தால் எங்கள் வீட்டில் மற்ற யாருக்கும் பேச வேலை இருக்காது. அப்பா பட்டறையில் கேட்டு, லேப்டாப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

மாமா வந்த உடனே அதைத் தொடவில்லை. முதலில் கேள்வி. போட்டால் திரை வர வெகுநேரம் ஆகிறதா, அடிப்பக்கம் சுடுகிறதா, உள்ளே காற்றாடி இரைகிறதா, பல வருஷத்துப் படங்களையும் அதிலேயே போட்டு வைத்திருக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றார். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

பிறகு மாமா லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணிகளைக் கழற்றினார். பார்க்கிற ஆசையில் நான் கதவை விட்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே காற்றாடி இருக்கிற இடமே தெரியவில்லை. அத்தனையும் பஞ்சு. பட்டறையில் பறக்கிற பனியன் பஞ்சு வருஷக்கணக்காக உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி படிந்து கிடந்தது. மாமா அதை ஒரே துண்டாக உரித்து எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தாக்கா, இதுல மச்சானுக்கு ஒரு பனியன் தெச்சுக் குடு."

அம்மா சிரித்தாள். அப்பா அதைவிடப் பலமாகச் சிரித்தார். நான்தான் சொன்னேனே, லேப்டாப்புதான் என்று சொன்னேனே என்று அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

மாமா உள்ளே பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தார். காய்ந்துபோன பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுசாக வைத்தார். பையிலிருந்து ஒரு சின்னப் பட்டையை எடுத்துச் செருகி, இதற்கு ஞாபகசக்தி போதவில்லை, அதுதான் திணறுகிறது என்றார். பழைய படங்களையெல்லாம் வேறொரு டப்பாவுக்கு மாற்றினார். அடிப்பக்கத்தை மூடிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். முன்பெல்லாம் அப்பா பொத்தானை அமுக்கிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாராம். அன்றைக்கு அம்மா டீயை ஆற்றி முடிப்பதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது.

ஒரு படம் போட்டுப் பாருங்கள் மச்சான் என்றார் மாமா. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றார் அப்பா. மாமா விடவில்லை.

அப்பா உட்கார்ந்து ஒரு வாத்தின் மூக்கைப் போட்டார். சின்ன வளைவுதான், போர்டு எழுதுகிறவருக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் திரையில் அம்புக்குறி வளைந்து போகாமல், சூடான தோசைக்கல்லில் விழுந்த எறும்பு போல அங்குமிங்கும் துள்ளியது. அப்பா அழித்தார். மறுபடி இழுத்தார். மறுபடி அழித்தார்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் மாமாவின் முறை. முதலில் மவுஸின் அடியைத் துடைத்தார். பிறகு அதைக் கழற்றிவிட்டுத் தன் பையிலிருந்த மவுஸை மாட்டினார். அதை வைத்திருந்த துணியை மாற்றினார். வேறு ஓட்டையில் செருகினார். கரண்ட் கசிகிறதோ என்று சார்ஜரையும் பிடுங்கிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அப்பா அந்த மூக்கை இழுத்தார். ஒவ்வொரு தடவையும் அது அப்படியேதான் வந்தது. மாமாவின் பேச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அவரே உட்கார்ந்தார்.

மாமாவுக்குப் படம் வரையத் தெரியாது. இருந்தும் அவர் இழுத்த கோடு வழுவழுவென்று போயிற்று. இன்னொன்று இழுத்தார். அதுவும் போயிற்று. மவுஸை விட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"செரியாயிருச்சாடா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"இல்லக்கா. இதுக்கு வயசாயிருச்சு. இனி எதைய மாத்துனாலும் இழுக்கத்தான் செய்யும்."

"அப்புடித்தானுங்க மாப்ள," என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை. அது நன்றாக ஓடுகிறது, நான் கண்ணால் பார்த்தேன். சொல்ல வாய் வரை வந்தது, வெட்கத்தில் விழுங்கிவிட்டேன். மாமா பொய் சொல்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. பழைய லேப்டாப் விற்கிற ஆளாயிற்றே, தன் கடைச் சரக்கு ஒன்றை முதலாளி தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மாமா முதலாளிக்கும் போன் போட்டு அதையேதான் சொன்னார். போகும்போது வண்டியைக் கிளப்பாமல் வாசலில் அப்பாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். டாக்டர், கோயமுத்தூர் என்று ஏதோ காதில் விழுந்தது. அந்தக் குழைவையும் வியாபாரத்தில்தான் சேர்த்தேன்.

அந்தப் பொய்யை அவர் எதற்குச் சொன்னார் என்று எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அப்பாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் வாங்கிக் கொடுக்கத்தான் சொன்னார். ஆனால் முதலாளி அதை அப்படியே நம்பிவிட்டார். வினை அங்கேதான் வந்தது.

அடுத்த வாரமே பட்டறைக்குப் புது லேப்டாப் வந்துவிட்டது. மாமா கடையில் வாங்கவில்லை, கோயமுத்தூரிலிருந்து பெட்டி பிரிக்காமல் வந்தது. பழையதை முதலாளி அப்பாவிடமே கொடுத்துவிட்டாராம். "பாப்பா வெளையாடட்டுங்ணா. இனி வேலைக்குத் தடங்கல் ஒண்ணுமில்லீங்களே?" என்று கேட்டாராம். அப்பா இதைச் சொன்னபோது அம்மா இருந்த இடத்திலிருந்தே சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எங்கள் வீதியில் லேப்டாப் இருந்த ஒரே வீடு எங்களுடையது. பேசாத பிள்ளையான என்னைத் தேடி மற்ற பிள்ளைகள் வந்தார்கள்.

நடுங்குகிற கைக்குப் புதுசு என்ன, பழசு என்ன. முன்பு லேப்டாப்பைக் குறை சொல்ல முடிந்தது. இப்போது பட்டறையில் அப்பாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் கண்டதெல்லாம், அப்பா சாயங்காலங்களில் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வட்டம் வட்டமாகப் போட்டுப் போட்டு அழிப்பதுதான். நாங்கள் விளையாடுவது போல அவரும் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் பட்டறை வேலையையே வீட்டுக்குக் கொண்டுவந்தார். குடை பிடித்த வாத்து. காலையில் படம் கைக்கு வராவிட்டால், புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்ணே இனி டிசைன் பார்த்துக்கொள்ளட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அம்மா அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றாள். அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எங்கை மேல உங்கைய வெச்சு அமுத்திப் புடி கண்ணு. நல்லா அமுத்தோணும்."

இரண்டு கையாலும் அமுக்கினேன். அப்பா கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். கோணிப்போனதை அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். என் கை வலித்தது, ஆனால் விடவில்லை. விளக்குப் போடுகிற நேரத்துக்கு வாத்து வந்துவிட்டது. குடையின் வளைவு மட்டும் பல் பல்லாக இருந்தது. எனக்கு அதைவிட அழகான வாத்து உலகத்தில் கிடையாது. பாதி நான் போட்டதாயிற்றே.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். பட்டறைக்குக் கொண்டுபோன சோற்றுத் தூக்குப்போசி திறக்காமல் பக்கத்தில் இருந்தது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே அப்பா வீட்டில் இருப்பது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நானே போய் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்து, இன்றைக்கும் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

அப்பா கையை மவுஸின் மேல் வைத்தார். நான் என் இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தேன். கோழிக்குஞ்சைப் பொத்திப் பிடித்தால் உள்ளங்கைக்குள் துடிக்குமே, அப்படித் துடித்தது. முந்தின நாளைவிட அதிகம். நான் அமுக்க அமுக்க அது நிற்காமல் ஆடியது, என் கைகளையும் சேர்த்து ஆட்டியது. திரையில் அம்பு தாறுமாறாக ஓடியது. எனக்கு வேடிக்கை காட்டத்தான் அப்பா இப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இன்னுங் கொஞ்சம் ஆட்டுங்கப்பா," என்றேன்.