எழுபத்துமூன்றாவது நாமம்

மகள் என் செல்போனில் தியானத்துக்கென்று ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். காலை ஆறுக்கு மணி அடிக்கும். பிறகு ஒரு பெண் தேனொழுக, "கண்களை மூடிக்கொள்ளுங்கள்" என்பாள். நான் மூடுவதில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். "ஏம்மா, ஒழுங்கா பண்ணேன்" என்று மகள் அலுத்துக்கொள்கிறாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அவள் முன்னால் என் மானம் கொஞ்சம் மிச்சமிருக்கட்டும்.

நான் புதிதாக டீச்சர் வேலைக்குச் சேர்ந்த காலம். பள்ளிக்கூடம் போக நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். மூடினால் எப்போது திறக்கும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. டீசல் புகை, அவித்த கடலை வாசனை, ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளரிப்பிஞ்சு. பஸ்ஸில் எல்லோரும் திட்டுவார்கள், என்னைத் தவிர. எனக்கு அப்போது பக்தி முற்றியிருந்தது. கேட் மூடியதும் கண்ணை மூடிக்கொண்டு நூற்றெட்டு நாமம் சொல்வேன். நடுவில் விட்டுப்போனால் முதலிலிருந்து. நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதும் பிடித்திருந்தது, மறைப்பானேன்.

கூட வேலை பார்த்த நூர்ஜகான் டீச்சரும் அதே பஸ்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விரல் கணுக்களில் எண்ணியபடி அவரும் ஏதோ ஓதிக்கொண்டு வருவார். ஆனால் நடுவிலேயே யார் பிள்ளையையாவது மடியில் வாங்கிக்கொள்வார், பக்கத்து சீட்டு அம்மாளின் மருமகள் கதைக்கு உச்சுக்கொட்டுவார்.

"இப்படி இருந்தா எண்ணிக்கை தப்பாதா டீச்சர்?" என்று கேலியாகக் கேட்டேன்.

"தப்பும். தெனம் தப்புது" என்று சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு இளப்பம்.

ஒரு நோன்பு மாதம், சாயங்கால பஸ். எனக்கு ஜன்னலோர சீட். அவர் கடைசியாக ஏறி நின்றுகொண்டு வந்தார். கேட் மூடியிருந்தது. கண்ணை மூடினேன். எழுபத்துமூன்றில் இருந்தபோது தலைக்கு மேல் அவர் குரல்: "ஏம்மா, கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? தலைய சுத்துது." தெளிவாகக் கேட்டது. இன்னும் முப்பத்தைந்துதானே, முடித்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். எண்பதைத் தாண்டும்போது தொப்பென்று சத்தம்.

கண்ணைத் திறந்தால், வெள்ளரிக்காய்க்காரம்மா கூடையை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஏறிவந்து அவரை மடியில் சாய்த்துக்கொண்டிருந்தார். கம்பியில் இடித்து நெற்றியில் ரத்தம். நினைவு வந்ததும் நூர்ஜகான் டீச்சர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒனக்குக் கேட்டிருக்காதும்மா. சாமி கும்பிட்டுகிட்டு இருந்தே."

"ஆமா டீச்சர், கேக்கல" என்றேன்.

மறுநாள் நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தவர், ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னார். "பக்கத்துல ஆள் விழுந்தாகூட இவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு பக்தி." கேலி இல்லை, மெய்யாகவே மெச்சினார். அன்றிலிருந்து எனக்கு அங்கே தனி மரியாதை. அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

ரிட்டயர் ஆகி அவர் நாகப்பட்டினம் போனபிறகும் போனில் பேசுவோம். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பிப்பேன். மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சா, அங்கே மழையா என்று முடிப்பேன். இப்படியே வருஷங்கள் போயின.

போன வருஷம் அவர் மகன் பேசினார். "அம்மா தவறிட்டாங்க டீச்சர். ஆஸ்பத்திரில இருந்தப்ப, ஒங்ககிட்ட சொல்லி வேண்டிக்கச் சொன்னாங்க. நீங்க வேண்டிக்கிட்டா கேக்கும்னாங்க."

அன்றைக்கு பஸ்ஸில் எனக்குக் கேட்டது. அதைச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆளும் போய்விட்டார்.